குளோபல் யாருங்க?

நீங்க என் தலையைப் பார்த்தது எனக்குத் தெரியும் தம்பி. பரவாயில்லை, நல்லாவே பாருங்க. ஜன்னலுக்கு வெளியே பார்க்கற மாதிரி ஓரக்கண்ணுல பார்க்க வேண்டியதில்லை. கோபி பஸ் ஸ்டாண்டுல ஏறினதுல இருந்து எல்லாரும் பார்த்துட்டுத்தான் இருக்காங்க. டிரைவர் கண்ணாடியைத் திருப்பி வச்சுப் பார்த்தாரு. எனக்கு ஒண்ணும் சங்கடமில்லைங்க. முப்பது வருசம் தனியார் பஸ்ஸுல கண்டக்டரா இருந்தவன். கூட்டத்துக்கு நடுவுல நின்னு பேசிப் பழக்கம். சென்னியப்பன்னு பேரு. இந்த ரூட்ல பழைய ஆளுங்களைக் கேட்டா சொல்லுவாங்க.

குல்லாயா? இருக்குதுங்க, பையில இருக்குது. எங்க வீட்டுலதான் போட வேண்டாம்னு சொல்லிட்டா. "இந்த வெயிலுக்கு வேர்த்துச் சளி புடிச்சுக்கும், கழட்டி உள்ள வையுங்க"ன்னா. என் மேல அவ்வளவு கரிசனம் அவளுக்கு.

அதோ, முன்னாடி ரெண்டாவது சீட்டுல வெள்ளைத்தலை தெரியுதுங்களா? கொண்டையில கனகாம்பரம் வச்சுட்டு, மடியில கூடையோட? அவதான். துளசிமணி. மெதுவாப் பாருங்க, திரும்பிடப் போறா. நான் உங்ககிட்டப் பேசறது அவளுக்குத் தெரியக் கூடாது. அதனாலதான் குரலை இறக்கிப் பேசறேன். இல்லைன்னா என் குரல் கடைசி சீட்டுல இருந்து இஞ்சின் வரைக்கும் கேக்கும்.

காதுல இருந்ததைக் கழட்டினீங்க பாருங்க, நல்ல பிள்ளை. உங்க தலையில கோடு கோடாப் போட்டிருக்கறதைப் பார்த்துத்தான் உங்க பக்கத்துல வந்து உக்காந்தேன். விசயம் தெரிஞ்சவங்ககிட்டச் சொன்னாத்தானே புரியும். இதுக்குப் பேரு ஹைலைட்ஸ்தானுங்களே? பார்த்தீங்களா, எனக்கு இப்ப எல்லாம் அத்துப்படி.

இது என் சொந்த முடி நிறமில்லைங்க. என் முடி கறுப்பு. சும்மா கறுப்பில்லை, காக்கா கறுப்பு. எங்க வம்சமே அப்படி. எங்கப்பாரு சாகறப்பக்கூட ஒரு முடி நரைக்கலை. எனக்கு அறுபது தாண்டியாச்சு, போன வாரம் வரைக்கும் நாற்பது வயசு ஆளுன்னுதான் சொல்லுவாங்க. சொன்னா நானும் மறுக்கறதில்லை.

அவளுக்கு அப்படி இல்லை. நாற்பதுலயே காது மேல ரெண்டு கோடு விழுந்துச்சு. இப்பப் பஞ்சு. அதோட பாருங்க, அவ என்னை விட ஒண்ணே முக்கால் வருசம் மூத்தவ. ஆமாங்க, சம்சாரம்தான், மூத்தவ. மாமன் பொண்ணு, முறைப்பொண்ணு. காடு தோட்டமெல்லாம் சொந்தத்தை விட்டு வெளியே போயிடக் கூடாதுன்னு பெரியவங்க கட்டி வச்சுட்டாங்க. எங்க கல்யாணத்துல ஒரு கிழவனாரு, "பொண்ணு கொஞ்சம் முத்தலாட்ட இருக்குதே"ன்னாரு. அதுக்கு நான், "முத்தின தேங்காதானுங்க சட்டினிக்கு ஆகும்"னேன். பந்தலே சிரிச்சுது. அந்தப் பேச்சு இன்னைக்கும் எங்க ஊருல ஓடுது. நான்தான் ஓட விட்டுட்டிருக்கேன்னு வச்சுக்குங்களேன். பஸ்ஸுல எத்தனையோ தடவை சொல்லியிருக்கேன். ஒவ்வொரு தடவையும் சிரிப்புத்தான்.

முன்னாடி என்னமோ பொம்பளைங்க சிரிக்கறாங்க. கேட்டீங்களா? லேடீஸ் சீட்டுல எப்பவும் ஒரு கதை ஓடிட்டிருக்கும். அவங்க உலகமே தனி.

சரி. நடந்தது என்னன்னா, போன தை மாசம் பவானியில ஒரு கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் பஸ்ஸுல போனோம். நல்ல கூட்டம். காலேஜுப் புள்ளை ஒண்ணு எந்திரிச்சு எடம் கொடுத்துச்சு. கொடுத்துட்டு என்கிட்ட, "அண்ணா, உங்கம்மாவைப் புடிச்சு உக்கார வையுங்க, பிரேக் போட்டா விழுந்துருவாங்க"ன்னுச்சு. எனக்குச் சிரிப்புத் தாங்கலை. "அம்மா இல்லை கண்ணு, இவ என்ர சம்சாரம்"னேன். அந்தப் புள்ளைக்கு மூஞ்சி செத்துப் போச்சு. பாவம், சின்னப் புள்ளை, அதைச் சமாதானப்படுத்தணுமில்லைங்களா? அதனால, "நீ சொன்னதுலயும் பாதி சரிதான் கண்ணு, என்னை விட ஒண்ணே முக்கால் வருசம் மூத்தவதான்"னு ஆரம்பிச்சு, முறைப்பொண்ணு கதை, முத்தின தேங்காக் கதை எல்லாத்தையும் சொன்னேன். பஸ்ஸே சிரிச்சுது. டிரைவர் சிரிச்சாரு. ஒரு ஆளு இறங்க வேண்டிய ஸ்டாப்பை விட்டுட்டாரு.

துளசிமணி ஜன்னலுக்கு வெளியே பார்த்துட்டே வந்தா. பவானி வர்ற வரைக்கும் கழுத்தைத் திருப்பலை. "அப்படி என்ன பார்க்கறே? வெளியே என்ன இருக்குது, கரும்புக் காடுதானே"ன்னேன். வேடிக்கை பார்க்கறதுன்னா அவளுக்கு அவ்வளவு இஷ்டம்னு நெனச்சுக்கிட்டேன்.

அதுல இருந்து என் கூட வெளியே வர்றதை நிறுத்திட்டா தம்பி.

சண்டையெல்லாம் இல்லைங்க. சோறு போடறா, துணி துவைக்கறா, காப்பிக்குச் சர்க்கரை சரியாப் போடறா. ஆனா கோயிலுக்கு நான் காலையில போனா அவ சாயங்காலம் போவா. கண்ணாஸ்பத்திரிக்கு நான் வர்றேன்னா, "பக்கத்து வீட்டுக்காரங்க போறாங்க, நான் அவங்க கூடப் போயிக்கறேன்"னு கிளம்பிருவா. ஒரு நாள் நான் பஸ்ஸுல ஏறினதைப் பார்த்துட்டு, ஏறப் போனவ காலைக் கீழே எடுத்து வச்சுட்டா. அடுத்த பஸ்ஸுல வந்தா. "ஏன், என்னாச்சு?"ன்னு கேட்டேன். "கூட்டமா இருந்துச்சுங்க"ன்னா. எட்டு பேரு இருந்த பஸ்ஸு அது. கண்டக்டரா இருந்தவன்கிட்டச் சொல்றா.

நான் யோசிச்சேன். யோசிக்காம இருக்க முடியுமா? எப்ப இருந்து இப்படி? அந்தப் பவானி பஸ்ஸுல இருந்து. அங்க என்ன நடந்துச்சு? அந்தப் புள்ளை இவளை எனக்கு அம்மான்னு சொல்லிருச்சு. எதனால சொல்லுச்சு? நரையினால. அப்ப காரணம் என்ன? நரை. அவ்வளவுதானே தம்பி, கணக்கு நேராத்தானே வருது?

அப்படியே விட்டிருப்பேன். ஆனா ஆவணியில கல்யாணம் வந்துருச்சு. எங்க தங்கச்சி பூங்கொடியோட பொண்ணு, யாழினிக்கு. இன்னைக்குச் சாயங்காலம் சீர், காலையில முகூர்த்தம், சித்தோட்டுல மண்டபம். அங்கதான் போறோம். நான் தாய்மாமன். தாய்மாமன் சீருக்கு நானும் இவளும் மேடையில ஜோடியா நின்னு பொண்ணுக்குச் சேலைத்தட்டு கொடுக்கணும். தனியா நின்னு கொடுக்கற வழக்கம் எங்ககிட்ட இல்லைங்க. பொண்டாட்டி இருக்கறப்ப ஒருத்தன் தனியா வந்து நின்னா அந்த மண்டபத்துல என்ன பேசுவாங்க? பூங்கொடிக்கு என்னை விட்டாப் பொறந்த வீடுன்னு வேற யாரும் இல்லை. அவ முகம் அன்னைக்கு எப்படி இருக்கும்?

துளசிமணி என்ன சொன்னா தெரியுங்களா? "தட்டையெல்லாம் நான் அடுக்கிக் கொண்டாந்து கொடுத்தர்றேன். மேடையில நீங்க நின்னுக்குங்க. நான் பந்தியில யாரு சாப்பிட்டாங்க, சாப்பிடலைன்னு பார்த்துக்கறேன்."

"ஜோடியா நிக்கணுமே?"

"உங்களுக்கு ஜோடி எதுக்குங்க? மைக்குக் கொடுத்தாப் போதாது?"

கிண்டலுங்க. அவளுக்கு வாய் ஜாஸ்தி.

அப்பத்தான் முடிவு பண்ணினேன், இவ தலைக்கு ஏதாச்சும் பண்ணிறதுன்னு. எதையும் நாலு இடத்துல விசாரிக்காம செய்யறவன் இல்லை நான். முதல்ல பஸ் ஸ்டாண்டு கட்டிங் கடை ராசுகிட்டப் போனேன். "பொம்பளைங்களுக்கு நான் போடறதில்லைங்கண்ணா. பாக்கெட்டுத் தர்றேன், கிண்ணத்துல கலக்கிப் பிரஷ்ஷுல தடவுங்க. தோலுல பட்டா உடனே துடைச்சுருங்க"ன்னான். அவன் தலையைப் பார்த்தேன். அவனும் அதைத்தான் போட்டிருக்கான். முடி கறுப்பு. முடிக்குக் கீழே நெத்தியும் ஒரு விரல் அகலத்துக்குக் கறுப்பு. அவனே சரியாத் துடைக்கலை.

அப்புறம் மெடிக்கல் கடைக்கு மேல ஒரு பியூட்டி பார்லர். ஆண்களுக்கு அனுமதி இல்லைன்னு போட்டிருந்துச்சு. சட்டத்தை மீறக் கூடாதுன்னு பாதிப் படியில நின்னு கூப்பிட்டேன். ஒரு அம்மா கதவுல இருந்து எட்டிப் பார்த்தாங்க.

"யாருக்குங்க?"

"என் சம்சாரத்துக்குங்க."

"அவங்களைக் கூட்டிட்டு வாங்க."

"அவளுக்கு இது தெரியாதுங்க."

"அவங்களுக்குத் தெரியாம அவங்க தலைக்கு எப்படிங்க போடறது?"

"நீங்க வகையைச் சொல்லுங்க, நான் போயி அவகிட்டச் சொல்லிக்கறேன்."

அந்தம்மா என்னை ஒரு மாதிரியாப் பார்த்தாங்க. ஆனா தன்மையாச் சொன்னாங்க. மருதாணி ஒரு நாள், அவுரி மறுநாள். மருதாணியோட நிறுத்திட்டா செவப்பு, ரெண்டையும் போட்டா கறுப்பு. எனக்குச் சட்டுனு புரிஞ்சுது. "அப்ப கறுப்பு, வழி செவப்புன்னு சொல்லுங்க"ன்னேன். போர்டுல "ஈரோடு, வழி கவுந்தப்பாடி"ன்னு போட்டிருக்குமே, அந்த மாதிரி. அந்தம்மாவுக்கு விளங்கலை. பஸ்ஸுல போகாதவங்க போல.

மூணாவது, புதுசா ஏசி போட்டு வந்திருக்குதே, ஆம்பளையும் பொம்பளையும் ஒரே இடத்துல உக்கார்ற கடை, அது. நீங்களும் அங்கதான் போட்டீங்களா? இல்லையா? சரி. அங்க கவுண்ட்டர்ல இருந்த பொண்ணு, "ரூட் டச்சப் பண்ணலாங்க சார்"னுச்சு.

"எந்த ரூட்டுங்க?"ன்னேன்.

"சார்?"

"ஈரோடு ரூட்டா, சத்தி ரூட்டா?"

"ஐயோ, வேருங்க சார். முடியோட வேர். வேர்ல மட்டும் வெள்ளை தெரிஞ்சா அதை மட்டும் தொட்டு விடறது."

"இவளுக்கு வேரு, தண்டு, நுனி எல்லாமே வெள்ளைங்க."

"அப்ப குளோபல் பண்ணணுங்க சார்."

"குளோபல்னா, உலகம் பூராவா?"

"தலை பூரா சார்."

அந்தப் பொண்ணு அடக்கிப் பார்த்துச்சு, முடியலை. உள்ள போயிச் சிரிச்சுட்டு மூஞ்சியைத் துடைச்சுட்டு வந்துச்சு. நானும் சிரிச்சேன். தப்பென்ன இருக்குது? முப்பது வருசம் ரூட்டு ரூட்டுன்னு கத்தினவனுக்கு வேரு எப்படிங்க ஞாபகம் வரும்?

வீட்டுக்குப் போயி அவகிட்ட எல்லாத்தையும் விளக்கமாச் சொன்னேன். மொச்சை உரிச்சுட்டிருந்தா. "இதைப் பாரு, ராசு கொடுக்கற பாக்கெட்டு டவுன் பஸ்ஸு மாதிரி. எல்லா எடத்துலயும் நிக்கும், நெத்தியிலயும் நிக்கும். மருதாணி மொபசல் பஸ்ஸு. சுத்திப் போகும், ஆனா உடம்புக்குக் கெடுதல் இல்லை. குளோபல்ங்கறது பாயிண்ட் டு பாயிண்ட். ஏறினா நடுவுல நிக்காது, நேராக் கறுப்புலதான் போயி நிக்கும். உனக்குக் குளோபல்தான் சரின்னு எனக்குப் படுது"ன்னேன்.

அவ ஒரு மொச்சையை உரிச்சுப் போட்டுட்டு, "நான் கேட்டனா?"ன்னா.

"கேக்கலை..."

"என்ர நரை எனக்குப் புடிச்சிருக்குதுங்க. அது யாரையும் ஒண்ணும் சொல்றதில்லை. சும்மா தலைமேல உக்காந்திருக்குது."

அடுத்த மொச்சையை உரிச்சுட்டே சொன்னா. "தலைக்குப் போடறதை மூணு கடையில விசாரிச்சீங்களே, வாய்க்குப் போட ஏதாச்சும் இருக்குதான்னு ஒரு கடையிலயாவது விசாரிச்சீங்களா?"

எனக்கு ஆச்சரியமாப் போச்சு தம்பி. இத்தனை வருசத்துல அவ என்கிட்ட வாயைத் திறந்து ஒண்ணு கேட்டதே இல்லை. மறுநாளே ஏசிக் கடைக்குப் போயி அந்தப் பொண்ணுகிட்டக் கேட்டு ஒரு லிப்ஸ்டிக் வாங்கிட்டு வந்தேன். மெரூன் கலரு. வயசுக்கு ஏத்த மாதிரி. அவ அதைக் கையில வாங்கி ரொம்ப நேரம் பார்த்தா. என்னைப் பார்த்தா. மறுபடியும் அதைப் பார்த்தா. போட்டுக்கலை. இப்ப அடுப்படிச் செவுத்துல, கேஸ் சிலிண்டர் மாத்தின தேதியை அதுலதான் எழுதி வைக்கறா. எதையும் வீணாக்க மாட்டா.

கவுந்தப்பாடி வந்துருச்சா? இன்னும் டிக்கெட்டுப் போட ஆளைக் காணோம் பாருங்க. எங்க காலத்துல இந்த ஸ்டேஜுக்குள்ள ரெண்டு தடவை எண்ணி முடிச்சிருப்பேன். பாவம், முன்னாடி பொம்பளைங்ககிட்ட மாட்டிக்கிட்டான். அந்தக் கூட்டத்துல என்னமோ சிரிப்பு, அவனும் நின்னு கேட்டுட்டு...

இருங்க. இருங்க தம்பி. அவ எந்திரிக்கறா.

ஐயோ, எந்திரிச்சுட்டா. கூடையை எடுத்துட்டா. நான் பேசினது காதுல விழுந்துருச்சா? நான் சத்தமாப் பேசலையே? இல்லை... இல்லை, உக்காந்துட்டா. கைக்குழந்தைக்காரிக்கு ஜன்னலோரம் விட்டுக் கொடுத்திருக்கா. அவ்வளவுதான். எனக்கு ஒரு நிமிசம் உசிரே நின்னு போச்சுங்க.

ஏன்னு கேக்கறீங்களா? அதைத்தான் சொல்ல வந்தேன். அதுக்குள்ள இந்தத் தலை எப்படி ஆச்சுன்னு சொல்லிடறேன்.

ஒரு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு தலை சீவிட்டிருந்தேன். பின்னாடி அவ துணி மடிச்சுட்டிருந்தா. கண்ணாடியில ரெண்டு தலையும் தெரிஞ்சுது. ஒண்ணு கறுப்பு, ஒண்ணு வெள்ளை. அவ கறுப்பாக மாட்டேங்கறா. சரி, நான் வெள்ளையாகறதை யாரு தடுக்கறது? ரெண்டு பேரும் ஒரே நிறமா இருந்தா எந்தப் புள்ளை என்ன சொல்லும்? சொல்லவே வழியில்லையே!

ஏசிக் கடைக்குப் போனேன். மாஸ்டர்கிட்டச் சொன்னேன். அவரு சீப்பைக் கீழே வச்சுட்டாரு. "சார், நரையை மறைக்கணும்னு வருவாங்க. நரைக்க வைக்கணும்னு இதுவரைக்கும் யாரும் வந்ததில்லை"ன்னாரு. போன்ல இவ போட்டோவை எடுத்துக் காட்டினேன். "இதே வெள்ளை வேணுங்க. கூடவும் கூடாது, குறையவும் கூடாது." அங்க வேலை பார்க்கற பசங்கெல்லாம் வந்து போட்டோவைப் பார்த்தாங்க. ஒரு பையன், "அங்கிள், இது சாம்பல். இதுக்குத்தான் காலேஜுப் பசங்க க்யூவுல நிக்கறாங்க. ஆன்ட்டிக்குத் தானாவே வந்திருக்குது"ன்னான்.

மாஸ்டர் விளக்கினாரு. கறுப்பு மேல வெள்ளை ஏறாதாம். முதல்ல கறுப்பைக் கழட்டணும், அப்புறம் இடைவெளி விட்டுச் சாம்பலை ஏத்தணும். ரெண்டு சிட்டிங். ரெண்டு ட்ரிப் அடிக்கணும்னு சொல்றாருன்னு புரிஞ்சுக்கிட்டேன். மருந்தைத் தடவினாரு பாருங்க, மண்டையில மிளகா அரைச்சுப் பூசின மாதிரி எரிச்சல். பல்லைக் கடிச்சுட்டு உக்காந்திருந்தேன். கழுவிட்டுக் கண்ணாடியில பார்த்தா, இந்தக் கலரு. பழுத்த பாக்கு.

"இன்னைக்கே அடுத்த ட்ரிப்பையும் அடிச்சுருங்களே"ன்னேன். "முடி கையோட வந்துரும் அங்கிள், பத்துப் பதினஞ்சு நாள் போகட்டும்"னுட்டாங்க. பத்துப் பதினஞ்சு நாளுக்குள்ள கல்யாணம். வழியிலயே பஸ்ஸு பிரேக் டவுன் ஆன மாதிரி ஆயிப் போச்சு தம்பி. கறுப்புலயும் இல்லை, வெள்ளையிலயும் இல்லை, கவுந்தப்பாடியில நிக்கறேன்.

தலையில துண்டைப் போட்டுட்டு வீட்டுக்குப் போனேன். அவ களத்துல சோளம் புடைச்சுட்டிருந்தா. துண்டை எடுத்தேன். முறத்தைக் கீழே வச்சா. பார்த்தா. சிரிக்க ஆரம்பிச்சவ நிறுத்தலை. வயித்தைப் புடிச்சுட்டுக் கீழே உக்காந்துட்டா. "கரும்புச் சோகைக்குத் தீ வச்ச காடாட்ட இருக்குதுங்க"ன்னு சொல்றா, மறுபடியும் சிரிக்கறா, கண்ணுல தண்ணி வருது. பவானிக்குப் போயிட்டு வந்ததுக்கப்புறம் அவ சிரிச்சு நான் பார்க்கவே இல்லை.

"எதுக்குங்க இப்படிப் பண்ணுனீங்க?"

"உன்ர நெறத்துக்கு வரலாம்னுதான்."

சிரிப்பு நின்னுருச்சு. எந்திரிச்சு வந்து தலையைத் தொட்டுப் பார்த்தா. "எரியுதா?"ன்னா. தேங்காயெண்ணெய் கொண்டாந்து வச்சு விட்டா. வச்சுட்டே சொன்னா. "சரி, நான் வர்றேன். மேடையில கூட நிக்கறேன். ஆனா ஒண்ணு. போற வழியில என்னைப் பத்தி எவங்ககிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது. என் வயசு, நரை, தேங்கா, சட்டினி, ஒண்ணும். ஒரு வார்த்தை என் காதுல விழுந்துச்சு, அந்த ஸ்டாப்புலயே எறங்கி எதிர் பஸ்ஸு ஏறிருவேன். நீங்க தனியாப் போயி நில்லுங்க."

சரின்னுட்டேன். அதனாலதான் அவ எந்திரிச்சதும் எனக்கு உசிரு போயிட்டு வந்துச்சு. ஆனா நீங்களே சொல்லுங்க தம்பி, நான் இப்ப அவளைப் பத்தியா பேசிட்டிருக்கேன்? என் தலையைப் பத்தித்தானே பேசிட்டிருக்கேன்? ஒரு தலையைப் பத்திச் சொல்றதுன்னா முன்ன பின்ன நாலு விசயம் வரத்தான் செய்யும்.

பூங்கொடி கார் அனுப்பறேன்னு சொன்னா. இவதான், "காரெல்லாம் எதுக்கு, பஸ்ஸுலயே போலாம். நல்லாக் கூட்டமா இருக்கற பஸ்ஸாப் பார்த்து ஏறுங்க"ன்னா. எனக்கு அதுல ஒரு சந்தோசம். எட்டு பேரு இருந்தாலே கூட்டம்னு சொன்னவ. மனசு மாறிட்டா பாருங்க.

மறுபடியும் சிரிக்கறாங்க. இந்தத் தடவை பெரிய சிரிப்பு. அந்தப் பச்சைச் சேலைக்காரம்மா கண்ணைத் துடைச்சுக்கறாங்க. இப்பத் திரும்பி இங்க பார்க்கறாங்க. நீங்க எதுக்குத் தம்பி குனியறீங்க? நம்மளையில்லை, பின்னாடி யாரையோ பார்க்கறாங்க.

வந்துட்டான் கண்டக்டர். வாங்க தம்பி, சித்தோடு ரெண்டு, ஒண்ணு முன்னாடி லேடீஸ்ல... என்னங்க? எடுத்தாச்சா? யாரு எடுத்தாங்க? என்னது?

கேட்டீங்களா தம்பி? அவன் என்ன சொன்னான்னு உங்களுக்கும் கேட்டுச்சுதானே? "குளோபல் யாருங்க?"ன்னு கேக்கறான். "சித்தோடு குளோபலுக்கு அக்கா முன்னாடியே டிக்கெட் எடுத்துட்டாங்க. அவங்க தம்பியாமா. எறங்கற எடம் தெரியாம பேசிட்டே உக்காந்திருப்பாரு, சொல்லி எறக்கி விடச் சொன்னாங்க"ங்கறான்.

குளோபல்னு இந்தப் பஸ்ஸுல யாருக்குத் தெரியும்? உங்களைத் தவிர நான் வேற யாருகிட்டயும் சொல்லலையே. கடையில அந்தப் பொண்ணுக்குத் தெரியும். வீட்டுல அவளுக்குத் தெரியும்.

தம்பியாமா.

பச்சைச் சேலைக்காரம்மா இங்கதான் பார்க்கறாங்க. கைக்குழந்தைக்காரியும் பார்க்கறா. அதுக்கு முன்னாடி சீட்டுல இருக்கறவங்களும் ஒவ்வொருத்தராத் திரும்பறாங்க. டிரைவர் கண்ணாடியில சிரிக்கறாரு. அப்ப ரூட்டு, டவுன் பஸ்ஸு, லிப்ஸ்டிக்கு, எல்லாத்தையும் சொல்லிட்டான்னுதானே அர்த்தம்? கோபியில இருந்தே சொல்லிட்டு வர்றா. கேக்கறவங்க சிரிக்கற மாதிரி சொல்லத் தெரிஞ்சிருக்குது. இத்தனை வருசத்துல எனக்குத் தெரியாது அவளுக்கு அது வரும்னு.

நீங்க ஏதாச்சும் கேட்டீங்களா? இல்லைங்க, ஒண்ணுமில்லை. சும்மா வெளியே பார்க்கறேன்.

கரும்புக் காடுதான்.

என்னமோ மாதிரி இருக்குது தம்பி. முப்பது வருசமா பஸ்ஸுல எத்தனை பேரைச் சிரிக்க வச்சிருக்கேன். அத்தனை பேரும் என்னைப் பார்த்து, அதுவும் நான் சொல்லாத ஒண்ணுக்குச் சிரிச்சு... பவானி இந்தப் பக்கம் இருந்து எவ்வளவு தூரம் வரும்? எனக்கே தெரியும். எதுக்குக் கேக்கறேன்னு தெரியலை. அன்னைக்கு அவ அவ்வளவு தூரமும் இதைத்தான் பார்த்துட்டு வந்திருக்கா. அலுக்காம.

சித்தோடு விசில் ஊதிட்டான். அவ எந்திரிச்சுட்டா. படிக்கட்டுகிட்டப் போயி நிக்கறா, ஆனா எறங்கலை. கூடையோட ஒரு கைப்பிடியை மட்டும் புடிச்சிருக்கா. இன்னொரு கைப்பிடி சும்மா தொங்குது. என்னைத்தான் பார்க்கறா. சிரிப்பை உதட்டுக்குள்ள வச்சுட்டு நிக்கறா பாருங்க. அந்த வெள்ளைத் தலைக்கு அந்தக் கனகாம்பரம் நல்லாத்தான் இருக்குதுங்க.

கூப்பிடறா. கேளுங்க, பஸ்ஸு பூராக் கேக்கற மாதிரி கூப்பிடறா. "தம்பி, எறங்கற எடம் வந்துருச்சு. பேச்சை நிறுத்திட்டு எந்திரிச்சு வா சாமி!"

எல்லாரும் நான் என்ன சொல்லப் போறேன்னு பார்க்கறாங்க. சம்சாரம்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், அந்தக் கதை மொத்தத்தையும் திருப்பி விட்டுறலாம். நாக்கு நுனியில இருக்குது தம்பி.

காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க. பையை எடுத்துக்கறேன்.

இதோ வந்துட்டேனுங்கக்கா!